பன்னிரண்டாவது சம்படம்

ஜனவரி 9, வியாழன்

என் கழுத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரர் கூட என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாலை ஊற்றினார். கழுத்துக்கு அல்ல, காசு மாலைக்கு. பதினான்கு பவுன். லாக்கரில் கிடக்கும்வரை அதற்குப் பயமில்லை. வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு போனால்தான் பயம். அதற்கென்றே ஒரு பாலிசி இருக்கிறதாம். கழுத்தில் கிடந்தாலும் பையில் இருந்தாலும், வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு திருடு போனால் பணம் தருவார்கள். இருபதாம் தேதி கோவையில் இந்துஜாவின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். பெண்ணைப் பெற்றவள் சபையில் வெறுங்கழுத்தோடு நிற்க முடியுமா?

ஏஜென்ட் ஜெயபால் படிவத்தோடு வந்தார். ஐந்தாவது கேள்வி: நகை யாருக்குச் சொந்தம்? எனக்கு என்று எழுதினேன். வேறு யாருக்காவது அதில் உரிமை உண்டா என்று ஜெயபால் ஒரு பேச்சுக்குக் கேட்டார். இல்லை என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவருக்கு அப்போது இருமல் வந்தது. முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இவருடைய இருமல் எப்போது வரும் என்று தெரியும்.

என் கல்யாணத்தன்று அம்மா என் கழுத்தில் போட்ட மாலை அது. இந்துஜா கல்யாணத்தன்று அவள் கழுத்தில் போட்டேன். மறுநாள், "லாக்கர் எங்கிட்டத்தானே இருக்குது, அப்புறம் வாங்கிக்கலாம் கண்ணு" என்று கழற்றி வாங்கி வந்தேன். சம்பந்தியம்மாள் தெய்வானை பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வருடமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சீருக்கு எவர்சில்வர் சம்படம் வாங்கினோம். மூடி இறுக்கமாக நிற்கிறது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் பதினொன்று. கடையில் செட்டாகப் பன்னிரண்டுதான் தருவார்களாம். நான் புடவைக் கடைக்குள் போய்விட்டு வருவதற்குள் இவர் பன்னிரண்டிலும் ‘இந்துஜா’ என்று பெயர் வெட்டச் சொல்லிவிட்டார். பெயர் வெட்டிய பாத்திரத்தை நம் வீட்டில் வைத்து என்ன செய்வது? போகட்டும், வழிக்குத் தின்ன முறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 17, வெள்ளி

இரண்டு நாளாக முறுக்கு, கச்சாயம், லட்டு. இடுப்பு விட்டுப்போயிற்று. அச்சில் வார்த்தது போல் ஒரே அளவாக வந்திருக்கிறது முறுக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று லாக்கரிலிருந்து மாலையை எடுத்து வந்தேன். பாலிசி நிபந்தனைகளை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆளில்லாத வண்டியில் விட்டுவிட்டுப் போனால் பணம் கிடையாது. மறந்து எங்காவது வைத்துவிட்டாலும் கிடையாது. அந்த இரண்டாவது வரியைக் கேட்டு இவர் சிரித்தார். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பர் நான். ஓர் ஊசி குறைந்ததில்லை. எனக்கா மறதி?

நாளை வழியில் மாலையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கைப்பையைத்தான் எவனும் முதலில் பிடுங்குவான். சிவப்புச் சுருக்குப் பையில் போட்டு, வழிக்கான சம்படத்தின் அடியில் வைத்து, மேலே வாழையிலைத் துண்டு, அதன்மேல் முறுக்கு. எந்தத் திருடனுக்கும் தோன்றாது. சபைக்குள் நுழையும் முன் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் தெரு முழுக்க விளம்பரம் கிடைக்கும்.

ஜனவரி 20, திங்கள்

காசு மாலை இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் பிடிபடும்.

காலை ஆறு மணிக்கு டிராவல்ஸ் கார் வந்தது. டிரைவர் சென்னியப்பன், நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் வருபவர். பதினொரு சம்படமும் டிக்கியில், வழிக்கானது பின் சீட்டில் என் பக்கத்தில். விஜயமங்கலம் தாண்டி ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். இவருக்கும் டிரைவருக்கும் முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். அப்போதே சுருக்குப் பையைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டேன். கோவையில் இறங்கியதும் நேரம் கிடைக்காது என்று மாற்றினேன். மாற்றினேன் என்றுதான் ஞாபகம்.

கோவையில் இறங்குவதற்குள் ஒரே கூட்டம். நல்ல நேரம் முடியப் போகிறது, சீர்த்தட்டு எங்கே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இவருடைய தம்பியும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்களும் காரைத் திறந்து சம்படங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கைப்பையைத் திறந்தேன். சீப்பு, கைக்குட்டை, மாத்திரை அட்டை. சுருக்குப் பை இல்லை.

வெளியே வந்து வெறும் தாலிக்கொடியோடு நின்றேன். அவர்கள் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி என் கழுத்தையும் இன்னொருத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் திறக்காமல் நின்றேன். மாலையைக் காணோம் என்று அந்த வீட்டில் நின்று சொன்னால் அங்கே இருப்பவர்களைச் சந்தேகப்பட்டது போல ஆகும். பெண் வாழும் வீடு.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகத்துக்கு வழிச் சம்படத்தை முறத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். வாய்வரை முறுக்குதான் இருந்தது. மாலை அதில் இல்லை. ஆகவே கைப்பைக்கு மாற்றியது நிஜம். ஆகவே கைப்பையிலிருந்துதான் போயிருக்கிறது.

இவ்வளவு முறுக்கை இனி யார் தின்பது?

ஜனவரி 22, புதன்

ஜெயபால் வந்தார். இவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தேன். போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். வாங்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கியோ வெச்சுட்டேன், எடம் ஞாபகமில்லைன்னு மட்டும் எழுதிறாதீங்கம்மா. அதுக்குக் கம்பெனி ஒண்ணும் தராதுங்க."

மறந்தவள்தானே அப்படி எழுதுவாள்? நான் மறக்கவில்லை.

பேக்கரியில் இறங்கும்போது கைப்பை என் கையில் இருந்ததாகத்தான் முதலில் தோன்றியது. ஆனால் கையில் இருந்திருந்தால் யார் எடுத்திருக்க முடியும்? அதனால் வண்டியில்தான் விட்டிருக்க வேண்டும். ஆளில்லாத வண்டி என்று கம்பெனி சொல்ல முடியாது. சென்னியப்பன் டீ வேண்டாம் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோதும் அதைத்தான் சொன்னேன். சுலோசனா, வயது 61 என்று கையெழுத்துப் போட்டேன். அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒருவர்தான் வண்டியில் இருந்தார் என்று சொன்னேன். உள்ளதைச் சொல்வதில் என்ன தப்பு?

ஜனவரி 25, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. அவரைக்காய் முற்றல்.

சென்னியப்பனை இரண்டு நாளாக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்களாம். விசாரித்தால்தானே தெரியும். இவர் இன்று சாப்பிடும்போது, எட்டு வருடமாக நமக்கு வண்டி ஓட்டியவர் அவர் என்று மட்டும் சொன்னார். மோர் ஊற்றினேன்.

ஜனவரி 29, புதன்

இந்துஜா போன் செய்தாள். குரலில் ஒரே குழைவு. "அம்மா, அத்தை நேத்துத்தான் சம்படத்தையெல்லாம் பிரிச்சாங்க. உன்னைப் பத்தி அவுங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லம்மா" என்றாள். முறுக்கு அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. எனக்கு அதைக் கேட்கும் மனநிலை இல்லை. மாலை விஷயம் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சென்னியப்பனை டிராவல்ஸ்காரர் வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். போலீஸ் வரை போன ஆளை வைத்துக்கொண்டால் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்கிறாராம். இவர்தான் வந்து சொன்னார்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.

தட்டைப்பயறு ஊற வைத்தேன். பிறகு, ஊற வைத்ததை மறந்து இன்னொரு கிண்ணத்திலும் ஊற வைத்திருக்கிறேன். இவர் பார்ப்பதற்குள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நகை போனதை விசாரிக்கக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். சின்ன வயதுக்காரர், அதட்டல் மிரட்டல் இல்லை. டிரைவரின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். ‘அம்மா சம்படத்தைத் திறந்து அய்யாவுக்கு ஏழெட்டு முறுக்கும் எனக்கு நாலு முறுக்கும் கொடுத்தார். சம்படத்தை மூடிச் சீட்டில் வைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். திரும்பி வரும்போதும் தோளில் இருந்தது.’

நீங்கள் சொல்வதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "எழுத்துலதானுங்க இருக்குது. தேதி வாரியா டைரி எழுதறவ நான்" என்று சொல்லி, இந்த நோட்டை எடுத்துப் பத்தொன்பதாம் தேதியைப் பிரித்தேன்.

என் கையெழுத்து. ‘வழிக்கான சம்படத்தின் அடியில்.’ அடுத்தது இருபத்தொன்று. ‘மாற்றினேன் என்றுதான் ஞாபகம்.’ அதற்குக் கீழே, ‘வாய்வரை முறுக்குதான்.’

ஏழெட்டும் நாலும், பன்னிரண்டு முறுக்கு. பன்னிரண்டு முறுக்கு எடுத்த சம்படம் வாய்வரை எப்படி நிறைந்திருக்கும்? நான் முறத்தில் கவிழ்த்தது வழிச் சம்படமே இல்லை. அது சீருக்கு வைத்த சம்படம். பின் சீட்டிலிருந்தது சீர்த்தட்டில் ஏறி, சபையைச் சுற்றிவந்து, சம்பந்தி வீட்டுக்குள் போய்விட்டது. ஓர் ஊசி குறையாமல் பார்த்துக்கொண்டவள் இதை இரண்டு வாரமாகப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்பதுதான் சரி.

நோட்டைக் காட்டவில்லை. பக்கம் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபியை முழுதும் குடிக்காமல் எழுந்தார். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 8, சனி

கோவைக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. சீராகக் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. ஒன்றும் கேட்காமல், சமையலறையில் தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், நானே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். என் மகள் வீட்டுக்கு, என் நகையைத் திருடப் போனேன். அப்படித்தான் எழுத வேண்டும்.

பதினொரு சம்படமும் சமையலறை அலமாரியில் பெயர் தெரிகிறாற்போல் வரிசையாக இருந்தன. சம்பந்தியம்மாள் என்னை அங்கே விட்டுவிட்டுப் பூஜை அறைக்குள் போனார். என் கை முதல் சம்படத்தின் மூடிக்குப் போனது. அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். கையில் சிவப்புச் சுருக்குப் பை.

"நானே ஈரோட்டுக்கு வரலாம்னு இருந்தனுங்க சம்பந்தி. நீங்க சத்தமில்லாம செஞ்சதை நான் போன்ல பேசிப் பெருசு பண்ணக் கூடாதுன்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாலு வருசமா உங்களைத் தப்பா நெனைச்சுட்டனுங்க. சபையில தூக்கிக் காட்டாம, மகள் பேரு வெட்டுன சம்படத்துல, முறுக்குக்கு அடியில வெச்சுக் குடுத்துட்டீங்க. அன்னிக்கு நீங்க வெறுங்கழுத்தோட நின்னதைப் பாத்து எங்க சொந்தக்காரி ஒருத்தி சிரிச்சா. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சம்படத்தைப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது, எதுக்கு வெறுங்கழுத்தா நின்னீங்கன்னு."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இத்தனை மரியாதையை என் ஆயுளில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதில் ஒரு குன்றிமணி கூட நான் சம்பாதித்தது அல்ல.

மத்தியானம் இந்துஜா ஆபீசிலிருந்து வந்ததும் அத்தை சொல்லி மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சுடிதாருக்கு மேல் காசு மாலை. ஆனாலும் அது அவளுக்கு நன்றாக இருந்தது. என்னைவிட என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட அவள் வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, வேணும்னே வெச்சியா, மறந்து வெச்சியா? மறந்துதான்னா சொல்லும்மா. அத்தைக்குத் தெரியாம லாக்கர்ல வெக்கறேன்னு எடுத்துட்டு வந்து குடுத்தர்றேன். எனக்கு வருத்தமில்ல."

எனக்கு என்ன குணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாலு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"வேணும்னுதான் கண்ணு வெச்சேன்" என்றேன்.

இந்த ஒரு மாதத்தில் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. இது ஒன்றுதான், சொல்லி முடித்ததும் பொய்யாக இல்லாமல் போனது. பஸ் அவிநாசி தாண்டும்வரை அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

முதலில் இவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் காது கூசுகிற அளவுக்குத் திட்டினார். நியாயம்தான். நகை என் மறதியால் இடம் மாறியது, யாரும் எடுக்கவில்லை, டிரைவர் மேல் குற்றமில்லை, கைப்பை என் தோளில்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். மறதி என்ற சொல்லை எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை.

அந்தக் கடிதத்தின் நகலோடு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். பார்க்கலாம் என்றார் முதலாளி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என் முன்னாலேயே சென்னியப்பனுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வரச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

சூரம்பட்டியில் சென்னியப்பன் வீடு. அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ரேஷன் பையோடு இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்: "நகையை நான்தான் மறந்து வெச்சேன். டிரைவர் எடுக்கல. அவர் பேர்ல தப்பில்ல. தப்பு என்னுது."

சென்னியப்பன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். கோபமாகப் பேசுவார் என்று தயாராக நின்றேன்.

"நீங்க என்னைத் திருடன்னு சொல்லலீங்கம்மா. அவரு ஒருத்தர்தான் வண்டியில இருந்தாருன்னு சொன்னீங்களாம். அது நெசந்தானுங்க. நெசத்தை எப்படீங்க இல்லைன்னு சொல்றது? அதனால எனக்கு வாயே வரல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். சரிங்கம்மா என்றார். மன்னித்ததாக அதற்கு அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வேலையில்லாமல் இருந்த நாட்களுக்கு இவர் ஒரு கவர் கொடுத்தார். அதை அவர் மனைவிதான் வாங்கி, பிரித்துப் பார்க்காமல் ஜன்னல் திண்டில் வைத்தாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கடைசிவரை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. அடுத்த முறை நம் வீட்டுக்கு வண்டி வேண்டுமென்றால் அவர் வருவாரா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சர்வேயருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் அனுப்பச் சொன்னார். ஜெயபாலும் போன் செய்தார். ‘நகை கிடைத்துவிட்டது, கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன்’ என்று ஒரு வரி போதுமாம். பாலிசி அப்படியே தொடருமாம், காரணமெல்லாம் எழுத வேண்டாமாம்.

நான் ஐந்து வரி எழுதினேன்.

‘நகை திருடு போகவில்லை. என் புகாரில் உள்ள விவரம் தவறு; கோரிக்கையை வாபஸ் பெறுகிறேன். ஜனவரி 9 அன்று நான் கையெழுத்திட்ட படிவத்தில் ஐந்தாம் கேள்விக்கு எழுதிய பதிலும் தவறு. நகை என் மகள் இந்துஜாவுக்குச் சொந்தம். பாலிசியை அவள் பெயருக்கு மாற்ற முடியாதென்றால் ரத்து செய்துவிடவும்.’

கவரில் போடும் முன் இவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஐந்தாம் கேள்வி வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

இருமல் வரவில்லை.